மியான்மர்: சுட்டவர்களே தேர்தல் நடத்திவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா?

செங்கதிர்

இன்னொரு இழையில் ஒரு நண்பர், "மியான்மரில்தான் தேர்தல் நடத்திவிட்டார்களே, இன்னும் எதற்கு 2021ஐப் பிடித்துத் தொங்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அங்கேயே இரண்டு வரி எழுதி அழித்துவிட்டேன். இரண்டு வரியில் அடங்குகிற விஷயமில்லை இது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன். 2021 பிப்ரவரிக்குப் பிறகு மியான்மர் ராணுவம் தன் மக்களைத் தெருவில் கொன்றது பதற்றத்தில் நடந்த காரியம் கிடையாது. மேலிருந்து உத்தரவு வந்தது. 1962 முதல் அவர்கள் கைவசம் வைத்திருக்கும் முறைதான் அது. அதைச் செய்தவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும், அவர்களுக்கு ஆயுதம் விற்றவர்களையும் சேர்த்து.

2020 நவம்பர் 8 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 476 இடங்களில் 396ஐப் பிடித்தது. ராணுவத்தின் செல்லக் கட்சிக்குக் கிடைத்தது 33. அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ஏற்கெனவே ராணுவத்துக்குத்தான். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் அவர்கள் கையில். அது போதவில்லை. தலைமைத் தளபதி மின் ஆங் லைங்குக்கு 2021 ஜூலையில் ஓய்வு வயது வர இருந்தது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய பிப்ரவரி 1 அன்று விடியுமுன் சூச்சியையும் குடியரசுத் தலைவர் வின் மிண்டையும் பிடித்து அடைத்து, ஆட்சியைக் கைப்பற்றினார்கள்.

அதற்கு மக்கள் என்ன செய்தார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மறுநாள் இரவு யாங்கூனில் வீட்டுக்கு வீடு பாத்திரங்களைத் தட்டினார்கள். கெட்ட ஆவியை விரட்ட அவர்கள் ஊரில் அப்படித் தட்டுவது வழக்கம். அரசு மருத்துவர்கள் வேலைக்குப் போக மறுத்து, சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். ஆசிரியர், ரயில்வே ஊழியர், வங்கி ஊழியர் எல்லாரும் சேர்ந்தபோது அது சட்டமறுப்பு இயக்கமாயிற்று. ஒரு நாள் யாங்கூன் சாலைகளில் நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் 'பழுதாகி' நின்றன, முன்மூடியைத் திறந்து வைத்தபடி. மார்ச் மாதம் பெண்கள் தாங்கள் இடுப்பில் கட்டும் தமெயின் கைலிகளைத் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் அடியில் ஆண் நடந்தால் அவன் வலிமை போய்விடும் என்பது அங்கே நம்பிக்கை. சிப்பாய்கள் துணியை அவிழ்க்கும் நேரத்தில் கூட்டம் தப்பித்துக்கொண்டது. மார்ச் 24 அன்று யாருமே வெளியே வரவில்லை, நகரங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வீட்டுக்குள் இருப்பதையே போராட்டமாக்கிவிட்டார்கள்!

இதற்கு வந்த பதிலைப் பாருங்கள். பிப்ரவரி 9, தலைநகர் நேப்பிடோ. தண்ணீர்ப் பீரங்கிக்கு ஒதுங்கி நின்ற ஓர் இளம்பெண்ணின் தலையில் குண்டு. பத்து நாள் கழித்து, இருபது வயதில் இறந்தார். பிப்ரவரி 28: ஐ.நா. கணக்கில் குறைந்தது 18 பேர். மார்ச் 3: 38 பேர். அன்று மண்டலேயில் இறந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலை, அடக்கம் முடிந்த பிறகு அதிகாரிகளே தோண்டி எடுத்தார்கள். காவல்துறையின் குண்டு அல்ல என்று அறிவிப்பதற்காக. மார்ச் 14: யாங்கூனின் தொழிலாளர் பகுதியான லைங் தாயாரில் அறுபதுக்கு மேல்.

மார்ச் 26 இரவு அரசுத் தொலைக்காட்சி இளைஞர்களை எச்சரித்தது: தலையிலும் முதுகிலும் சுடப்படும் ஆபத்து இருக்கிறது, முன்னால் செத்தவர்களைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று. மறுநாள் அவர்களுடைய ஆயுதப்படை தினம். நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். இரவில் தளபதிகள் வெள்ளை உடையில் விருந்துக்கு வந்தார்கள்.

எங்கே சுடுவோம் என்று முதல் நாளே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டுச் சுட்டவர்களை என்னவென்று அழைப்பது?

ஏப்ரல் முடிவதற்குள் அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கம் பெயர் பெயராகப் பதிவு செய்த சாவுகள் 750ஐத் தாண்டிவிட்டன. தேர்தல் நடந்ததால் இது 'பழசு' ஆகிவிடுமா? நண்பர்கள் சொல்லுங்கள்.

புதுவாசகன்

அண்ணா, எனக்கு இதெல்லாம் புதுசு. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது சில காணொளிகளில் பையன்கள் கவண்கல், பெட்ரோல் குண்டு வைத்திருந்ததைப் பார்த்த ஞாபகம். அப்படியானால் முழுக்க அமைதிப் போராட்டம் என்று சொல்ல முடியுமா?

சட்டம்படித்தவள்

தம்பி, இதைப் பேசாமல் விட்டால் பிறகு யாராவது இதையே பிடித்துக்கொண்டு வருவார்கள், அதனால் சொல்லிவிடலாம்.

தேதியை வைத்துப் பாருங்கள். முதல் குண்டு பிப்ரவரி 9. அன்றைக்குக் கூட்டத்தின் கையில் பதாகையும், எதிர்ப்பைக் காட்ட உயர்த்திய மூன்று விரலும்தான். மணல் மூட்டை, தகரக் கேடயம், கவண்கல் எல்லாம் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் வந்தவை. காலே போன்ற ஊர்களில் வேட்டைத் துப்பாக்கி எடுத்தது மார்ச் இறுதியில்தான், நூற்றுக்கணக்கானோர் செத்த பிறகு. எது முதலில், எது பிறகு என்பதில் குழப்பமே இல்லை.

இரண்டாவது, கூட்டத்தில் ஒருவன் கல்லெறிந்தால் மற்றவர்களைச் சுடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1990இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில், காவலர்கள் பலத்தையும் துப்பாக்கியையும் எப்போது பயன்படுத்தலாம் என்று அடிப்படை நெறிகள் வகுத்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால்தான் துப்பாக்கி. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கில் சுடலாம். அனுமதி இல்லாத கூட்டமாகவே இருந்தாலும், வன்முறை இல்லையென்றால் பலம் பிரயோகிப்பதைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் மிகக் குறைந்த அளவில். காயம்பட்டவருக்கு உடனே மருத்துவ உதவி.

இந்த ஒவ்வொன்றையும் அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். மார்ச் 3 அன்று யாங்கூனின் வடக்கு ஒக்கலாப்பாவில் ஆம்புலன்ஸ் தொண்டர்களை வண்டியிலிருந்து இறக்கி, துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது. மார்ச் 23 அன்று மண்டலேயில் ஏழு வயதுப் பெண் குழந்தை செத்தது அவளுடைய வீட்டுக்குள், அப்பா மடியில். அந்தக் குழந்தை கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டப் புத்தகத்தையும் அவர்கள் சும்மா விடவில்லை. பிப்ரவரி 8இலேயே ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை, இரவு ஊரடங்கு. 14ஆம் தேதி தண்டனைச் சட்டத்தில் 505(அ) என்று புதிதாக ஒரு பிரிவு: அரசைப் பற்றி 'அச்சம் உண்டாக்கும்' பேச்சுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்று இருந்த பாதுகாப்பையும் நிறுத்திவைத்தார்கள். பெரிய அளவில் சுடுவதற்கு முன்பே சட்டத்தைத் தயார் செய்துகொண்டவர்களை, ஆத்திரத்தில் சுட்டார்கள் என்று சொல்ல முடியாது.

நடுநிலைப்பார்வை

இழையைப் படித்தேன். கொலைகளை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் 'கண்டிக்க வேண்டும்' என்று இந்திய அரசைச் சொல்வதற்கு முன் சில விஷயங்களை யோசிக்க வேண்டும்.

நமக்கும் அவர்களுக்கும் 1,643 கிலோமீட்டர் எல்லை. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அந்தப் பக்கக் காடுகளில் முகாம் போட்டிருக்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த அந்த ராணுவத்தின் ஒத்துழைப்பு நமக்குத் தேவைப்பட்டது. நாம் விலகினால் அந்த இடத்தில் சீனா உட்காரும். ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சிக்குப் பிறகு அதுதான் நடந்தது. அன்று இந்தியா மாணவர்கள் பக்கம் வெளிப்படையாக நின்றது, ஆகாசவாணி பர்மிய மொழியில் ஒலிபரப்பியது. சில ஆண்டுகளில் பெய்ஜிங் அங்கே வேரூன்றிவிட்டது, டெல்லி தன் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது.

2021இலும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா வன்முறையைக் கண்டித்தது, சூச்சி உள்ளிட்டோரை விடுவிக்கச் சொன்னது. ஒன்றுமே சொல்லவில்லை என்பது சரியல்ல. தூதரக உறவை வைத்துக்கொண்டு காதோடு பேசுவதால் சில உயிர்களாவது பிழைத்திருக்கலாம். உரக்கக் கத்திய மேற்கு நாடுகளால் அங்கே ஒரு குண்டையாவது நிறுத்த முடிந்ததா?

செங்கதிர்

ஐயா, நீங்கள் மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். அதே மரியாதையோடு மறுக்கிறேன்.

இந்தியா வன்முறையைக் கண்டித்தது உண்மை. வன்முறை செய்தவர் யார் என்பதுதான் அந்த வாக்கியத்தில் இல்லை. மார்ச் 27, நூற்றுக்கு மேற்பட்டோர் செத்த அதே நாளில் நேப்பிடோ அணிவகுப்பில் எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். ரஷ்யா, சீனாவோடு இந்தியாவும் உண்டு. ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ராணுவத்தைக் கண்டித்து, ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லி வந்த தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது பெலாரஸ் மட்டும். விலகி நின்ற 36 நாடுகளில் நாமும் ஒருவர். காதோடு பேசியதற்குப் பலன் என்ன? அடுத்த ஆண்டு ஜூலையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் ஹிப் ஹாப் பாடகருமான பியோ ஜேயா தோ, 1988 மாணவர் தலைமுறையைச் சேர்ந்த கோ ஜிம்மி அவர்களில் இருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாட்டில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டதே இல்லை. ராணுவ நீதிமன்றத்தில் மூடிய அறைக்குள் விசாரணை. உடலைக்கூடக் குடும்பத்திடம் தரவில்லை.

உரக்கப் பேசினால் பயனில்லை என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு முற்றாக மாறுபடுகிறேன். 2023 மே மாதம் மியான்மருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அந்த ராணுவம் வாங்கிக் குவித்த ஆயுதமும் உதிரிப்பாகமும் மூலப்பொருளும் சேர்ந்து 100 கோடி டாலர் பெறும். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. இந்தியக் கணக்கில் அரசு நிறுவனங்களும் அடக்கம்.

சிங்கப்பூர் அரசு அந்த அறிக்கையைக் கையில் எடுத்து விசாரித்தது. மறு ஆண்டு அதே ஆண்ட்ரூஸின் அடுத்த அறிக்கை வந்தபோது, சிங்கப்பூர் வழியே போனது ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்திருந்தது. ஒருவர் கணக்கெடுத்துப் பெயரோடு வெளியிட்டார், ஓர் அரசு வெட்கப்பட்டு விசாரித்தது, சரக்கு நின்றது. ராணுவ நிறுவனத்தோடு பீர் ஆலை நடத்திய ஜப்பானின் கிரின், எரிவாயு எடுத்த டோட்டல், செவ்ரான் எல்லாம் விலகியதும் மக்கள் விடாமல் கேட்டதால்தான். தாமதம்தான், ஆனால் விலகினார்கள்.

சீனா உட்காரும் என்ற வாதத்தை எத்தனை காலம் சொல்வது? நாம் கூடவே இருந்தும் சீனா உட்கார்ந்துதானே இருக்கிறது.

பெகுக்காரர் பேத்தி

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா குடும்பம் பெகுவிலிருந்து வந்தது. இப்போதைய வரைபடத்தில் பகோ. 1960களில் தளபதி நே வினின் ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்களே, அதில் ஒரு குடும்பம். எங்கள் வீட்டில் அந்த ஊரைப் பற்றிப் பேசினால் ஆறு, நெல், பகோடா, நல்ல மனிதர்கள் என்றுதான் பேச்சு. ராணுவத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஊரை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அந்தப் பயம் போகவில்லை.

2021 ஏப்ரல் 9 அன்று அந்த ஊரில் எண்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். விடியுமுன் வந்து, மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் மேல் துப்பாக்கியில் பொருத்திச் சுடும் கையெறி குண்டுகளை ஏவினார்கள். உடல்களைப் பகோடா வளாகத்துக்குள் அடுக்கினார்கள். பிறகு, உடல் வேண்டுமானால் 1,20,000 சாட் (அந்த நாட்டுப் பணம்) கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்று குடும்பங்களிடம் கேட்டதாக அந்த ஊர் மாணவர்கள் எழுதினார்கள், செய்திகளிலும் வந்தது.

எங்கள் பாட்டி கும்பிட்ட பகோடாக்கள் உள்ள ஊர் அது. கோவிலுக்குள் பிணங்களைப் போட்டு, அதற்கு விலையும் வைத்தவர்களோடு என்ன 'உறவு' வேண்டியிருக்கிறது? நடுநிலைப்பார்வை ஐயா, நீங்கள் சொல்லும் ராஜதந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மகன் உடலுக்குப் பணம் கட்டிய தாய்க்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வடமராட்சியான்

செங்கதிர் அண்ணை, நீங்கள் எழுதினதோடு எனக்கு உடன்பாடு. எண்டாலும் ஒரு கேள்வியைக் கேளாமல் போகேலாது.

2017 ஆகஸ்டில் இதே ராணுவம் ரகைன் மாநிலத்தில் சிறுபான்மை முஸ்லிம்களான ரொஹிங்கியாக்களின்ர ஊர்களை எரிச்சது. ஏழு லட்சத்துக்கு மேல சனம் பங்களாதேசுக்கு ஓடினது. அப்ப மண்டலேயிலையும் யாங்கூனிலையும் எத்தனை பேர் தெருவுக்கு வந்தவை? 2019 டிசம்பரில் சூச்சி தானே ஹேக் நகரத்துக்குப் போய், சர்வதேச நீதிமன்றத்தில் அந்த ராணுவத்துக்காக வாதாடினவ. நாங்கள் ஒரு சிறுபான்மை இனத்தில் பிறந்து வளர்ந்த ஆக்கள். பெரும்பான்மைச் சனம் தன்ர தலையில குண்டு விழுற வரைக்கும் எங்கட சாவை நம்பாது எண்டது எங்களுக்கு நல்லாத் தெரியும்.

அவையின்ர போராட்டத்தைக் குறைச்சுச் சொல்லேல்லை. அந்தப் பிள்ளையளின்ர சாவு எனக்கும் வலிக்குது. ஆனா இந்தக் கதையை 2021இல தொடங்கினால் அது அரைவாசிக் கதை.

செங்கதிர்

வடமராட்சியான் அண்ணா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் இந்த இழை குறையுள்ளதாகவே இருந்திருக்கும்.

உங்கள் கேள்விக்கு நேரான ஆதாரமே இருக்கிறது. 2021 மார்ச்சில் அம்னஸ்டி மனித உரிமை அமைப்பு ஐம்பதுக்கு மேற்பட்ட காணொளிகளைச் சரிபார்த்து, தெருவில் நின்ற படைப்பிரிவுகள் எவை என்று அடையாளம் கண்டது. மண்டலேயில் நின்றது 33ஆவது இலகு காலாட்படைப் பிரிவு. 2017இல் ரகைனில் ரொஹிங்கியாக்களைக் கொன்றதாகப் பதிவான அதே பிரிவு. அங்கே தண்டனை இல்லாமல் வெளியே வந்தவர்கள் மூன்றரை ஆண்டு கழித்துப் பெரும்பான்மைப் பௌத்தர்களின் நகரத்துக்குள் அதே துப்பாக்கியோடு நுழைந்தார்கள். 2018இலேயே ஐ.நா. உண்மை கண்டறியும் குழு மின் ஆங் லைங் உள்ளிட்ட தளபதிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. அன்று உலகம் அதைச் செய்திருந்தால் 2021 பிப்ரவரியில் அந்த மனிதர் பதவியிலேயே இருந்திருக்க மாட்டார்.

பர்மிய இளைஞர்களுக்கும் இது உறைத்தது. 2021இல் எத்தனையோ பேர் ரொஹிங்கியாக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஜூன் மாதம், ராணுவத்தை எதிர்த்து அமைந்த தேசிய ஒற்றுமை அரசு, ரொஹிங்கியாக்களுக்குக் குடியுரிமை மறுத்த 1982 சட்டத்தை நீக்குவோம், ரொஹிங்கியாக்களுக்கு நீதி கிடைக்கச் செய்வோம் என்று அறிக்கை விட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பர்மிய அரசுகள் அந்த மக்களின் பெயரைக்கூட உச்சரிக்க மறுத்து வந்தன. தாமதமாக வந்த நியாயம்தான், சொன்னபடி செய்வார்களா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

1962 முதல் என்று முதல் பதிவில் சொன்னதற்கும் இதுதான் காரணம். 1962 ஜூலை 7இல் ரங்கூன் (இன்றைய யாங்கூன்) பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டு, மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாததாக்கி, மாற்றிக்கொள்ளவும் விடவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் மறு ஆண்டு 8-8-88 எழுச்சியில் போய் முடிந்தது. பதவி விலகும் உரையிலேயே நே வின் மிரட்டினார், ராணுவம் சுட்டால் குறிபார்த்துத்தான் சுடும், வானத்தைப் பார்த்துச் சுடாது என்று. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1990 தேர்தலில் சூச்சியின் கட்சி 392 இடங்களை வென்றும் ஆட்சியைத் தரவில்லை. 2007இல் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துப் பிக்குகள் நடந்தபோது பிக்குகளையே அடித்தார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஜப்பானியப் பத்திரிகையாளர் நடுத்தெருவில் சுடப்பட்டார். இத்தனை முறை கொன்றும் ஒரு தளபதிகூட எந்த நீதிமன்றத்திலும் நின்றதில்லை.

கல்லணை

மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் இருந்தால் நமக்கே நாம் நேர்மையாக இல்லை. 2018 மே 22 தூத்துக்குடி. நூறாவது நாள் போராட்டம். 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மியான்மரைக் கண்டிக்கும் தகுதி நமக்கு இருக்கிறதா?

சட்டம்படித்தவள்

இருக்கிறது, தோழர். தூத்துக்குடியைக் கண்டித்தவர்களுக்கு நிச்சயம் இருக்கிறது. நான் அன்றும் கண்டித்தேன், இன்றும் அந்தக் குடும்பங்களுக்கு முழு நீதி கிடைக்கவில்லை என்றே சொல்வேன். விசாரணை ஆணையமே காவல்துறையின் மேல் குற்றம் கண்டது. அந்த அறிக்கையை நாம் படிக்க முடிகிறது, பேச முடிகிறது, வழக்குப் போட முடிகிறது. அங்கே அதைச் செய்ய முயன்றவர்கள் 505(அ)வில் உள்ளே இருக்கிறார்கள். நம் வீட்டுக் குற்றத்தைக் காட்டி அவர்கள் வீட்டுக் குற்றத்தை மூடினால் இரண்டு ஊர்ப் பிணங்களுக்கும் துரோகம். நீங்கள் அந்த நோக்கத்தில் கேட்கவில்லை என்று தெரியும்.

மோரேக்காரன்

மணிப்பூர் எல்லை மோரேயில் பிறந்தவன் நான். பர்மாவிலிருந்து வந்து, திரும்பவும் நடந்தே பர்மா போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகள் நாங்கள். எதிரே தமு நகரம். சந்தைக்குப் போய் வருவது போலப் போய் வந்துகொண்டிருந்தோம்.

நம் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை: 2021 மார்ச்சில் அந்தப் பக்கமிருந்து மக்கள் ஓடிவரத் தொடங்கியதும், மத்திய உள்துறை நான்கு எல்லை மாநிலங்களுக்கும் தடுத்து நிறுத்துங்கள் என்று கடிதம் அனுப்பியது. மார்ச் 26 அன்று மணிப்பூர் அரசு அதிகாரிகளுக்கு ஒரு உத்தரவு: வருகிறவர்களுக்கு உணவு, தங்குமிடம் தர முகாம் திறக்க வேண்டாம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சில நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மிசோரம் வேறு மாதிரி நடந்துகொண்டது. முதலமைச்சர் ஜோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார், வருகிறவர்கள் எங்கள் ரத்த சொந்தம், அவர்கள் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று. சர்ச்சுகளும் கிராமச் சங்கங்களும் சோறு போட்டன. மக்களைச் சுட மறுத்துத் தப்பி வந்த போலீஸ்காரர்களையும் அங்கே காப்பாற்றினார்கள். பின்னாளில் அந்தச் சின்ன மாநிலம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பராமரித்தது.

2022 ஜூலையில் எங்கள் ஊர்த் தமிழர்கள் இருவர் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ ஆதரவுக் கூலிப்படையின் வேலை என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் 'அது அந்த நாட்டு உள்விவகாரம்' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

கண்டன அறிக்கை எழுதுகிறவர்கள் அகதிகளைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. துப்பாக்கிக்குத் தப்பி வந்தவனைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று பிடித்துத் திருப்பி அனுப்பினால், சுட்டவனுக்கு உதவி செய்ததாகத்தான் ஆகும்.

நடுநிலைப்பார்வை

மோரே நண்பரே, உங்கள் ஊர் இழப்புக்கு என் அனுதாபம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைத் தெளிவாகச் சொல்லத் தோன்றுகிறது. அகதிகளைத் திருப்பி அனுப்பக் கூடாது, ஆயுதம் விற்கக் கூடாது, இந்த இரண்டிலும் உங்கள் எல்லாரோடும் நிற்கிறேன். இவற்றுக்கும் எல்லைப் பாதுகாப்புக்கும் முரண் இல்லை. தூதரக உறவை முழுக்க அறுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேச ஒரு கதவு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

புதுவாசகன்

இவ்வளவு நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறதே. தேர்தல் நடந்தது உண்மைதானே? அதை ஏன் ஏற்கக் கூடாது?

செங்கதிர்

தம்பி, எப்படி நடந்தது என்று பார். அவசரநிலையை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போய் 2025 ஜூலை 31இல் முடித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு சட்டம்: தேர்தலைக் குலைக்கும் வகையில் பேசினால், எழுதினால், போராடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை; யாராவது இறந்தால் மரண தண்டனை வரை. தேர்தலை விமர்சிப்பதே குற்றம். 396 இடங்களை வென்ற கட்சியை 2023 மார்ச்சிலேயே கலைத்துவிட்டார்கள், ராணுவம் போட்ட புதிய விதிப்படி பதிவு செய்ய மறுத்ததற்காக. அதன் தலைவர்களைச் சிறையில் வைத்துக்கொண்டு, நாட்டின் பெரும்பகுதியில் போர் நடந்துகொண்டிருக்கும்போது, 2025 டிசம்பர் 28இல் கட்டம் கட்டமாக வாக்குப்பதிவைத் தொடங்கினார்கள்.

மின் ஆங் லைங்கைக் கைது செய்ய ஆணை கேட்டு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர் 2024 நவம்பரில் மனு செய்திருக்கிறார். அது ரொஹிங்கியாக்களுக்கு எதிரான குற்றங்களுக்காக. தெருவில் சுட்டதற்கான வழக்கு இனிமேல்தான் வர வேண்டும். வாக்குப்பெட்டியைக் காட்டி இவர் நாட்டுத் தலைவராக எல்லா மேடைகளிலும் கைகுலுக்கத் தொடங்கிவிட்டால் அந்த வழக்கை யார் நடத்துவார்கள்? அதனால்தான் ஏற்கக் கூடாது என்கிறேன்.

பெகுக்காரர் பேத்தி

நாம் என்ன செய்வது, அண்ணா? பேசிக் கலைந்துவிடாமல் ஏதாவது செய்யலாமே.

செங்கதிர்

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, அம்மா. அவரவர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் கேட்கும்படி மூன்று விஷயங்களைக் கேட்போம்: 2021 பிப்ரவரிக்குப் பிறகு இந்திய அரசு நிறுவனங்கள் மியான்மர் ராணுவத்துக்கு என்னென்ன, எவ்வளவுக்கு அனுப்பின; அது இப்போதும் தொடர்கிறதா; அங்கிருந்து தப்பி வந்தவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம். எழுத்தில் பதில் வந்தால் அது அவைக் குறிப்பில் நிலைத்துவிடும்.

சட்டம்படித்தவள்

வரைவை நான் எழுதுகிறேன். நடுநிலைப்பார்வை ஐயா, எல்லைப் பாதுகாப்புப் பற்றி ஒரு பத்தியை நீங்கள் எழுதித் தந்தால் நல்லது. அதைக் காரணம் காட்டித்தான் பதிலைத் தட்டிக் கழிப்பார்கள், முன்கூட்டியே பதில் வைத்துவிடலாம்.

நடுநிலைப்பார்வை

எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன்.

மோரேக்காரன்

மணிப்பூர், மிசோரம் உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு படி தயார் செய்துவிடுங்கள், இங்கே கொடுக்க வேண்டியவர்களிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கைதானவர்களை மட்டுமல்ல, சிகிச்சைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்களா என்பதையும் மூன்றாவது கேள்வியில் சேருங்கள்.

வடமராட்சியான்

ரொஹிங்கியா அகதியளையும் அதே கேள்விக்குள்ள சேருங்கோ. இந்தியாவில தடுப்பு முகாம்களில இருக்கிற ஆக்கள் அவை. பிரிச்சுக் கேட்டால் அவையைப் பற்றின பதில் வராது.

சட்டம்படித்தவள்

இரண்டையும் சேர்த்துவிட்டேன்.